வீட்டுத் தொட்டியில் சிங்கமீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் லயன்ஃபிஷ் என்கிற சிங்கமீனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாரும் முதலில் கேட்பது விஷத்தைப் பற்றித்தான். அதற்கு விரிவாகவே பதில் இருக்கிறது. ஆனால், என் கணக்கில் இந்த மீன் ஆளைக் குத்திய கதைகளைவிட, ஆள் தப்பான தீனி போட்டு இந்த மீனைக் கொன்ற கதைகள்தான் அதிகம். அதனால் தீனி பற்றிய பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இதை வளர்க்க உரிமம் வேண்டுமா?

வேண்டாம். நாய், பூனைக்கு இருப்பதுபோல அலங்கார மீனுக்குத் தனி உரிமம் கிடையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் மீன் தொட்டிக்குத் தடையில்லை. உரிமம் வேண்டியது கடைக்காரருக்கு. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் விலங்குநல மருத்துவச் சேவையின் உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அவருடைய கவலை விஷமாக இருக்காது, மரத்தரையில் உப்புத்தண்ணீர் சிந்துவதாகத்தான் இருக்கும்.

விஷம் எங்கே இருக்கிறது? அந்தப் பெரிய விசிறித் துடுப்பிலா?

இல்லை. பார்க்கப் பயமாக இருக்கும் பக்கத்து விசிறித் துடுப்புகளில் விஷம் கிடையாது. முதுகில் வரிசையாக நிற்கும் 13 முட்கள், வயிற்றுத் துடுப்பு இரண்டிலும் ஒவ்வொன்று, வால் பக்கம் அடியில் இருக்கும் துடுப்பில் 3. ஆக 18 முட்கள்தான் விஷ முட்கள்.

ஒவ்வொரு முள்ளின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். விஷச் சுரப்பி அதில் படுத்திருக்கும். மேலே மெல்லிய தோலுறை. முள் கையில் ஏறும்போது உறை கீழே தள்ளப்பட்டுக் கிழியும், சுரப்பி நசுங்கும், விஷம் பள்ளத்தின் வழியே காயத்துக்குள் போகும். பாம்பு மாதிரி தசையை இறுக்கி விஷத்தைப் பாய்ச்சும் வசதி இதற்கு இல்லை. எவ்வளவு ஆழமாகக் குத்துகிறதோ, எத்தனை முள் ஏறுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் வேதனை.

நம் கரைகளில் தாழ்நீர் நேரத்தில் நடப்பவர்கள் பயப்படும் கல்மீன் இதற்கு உறவுதான். அதன் விஷம் இதைவிட மிகக் கடுமையானது. சிங்கமீன் குத்தி நல்ல உடல்நலமுள்ள ஒருவர் இறப்பது மிகமிக அரிது. ஆனால் வலி என்றால் வலிதான். கெளுத்தி முள் குத்தி அனுபவம் இருப்பவர்கள் அதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

தானாக வந்து குத்துமா?

துரத்திக் குத்தாது. ஆள் நெருங்கினால் தலையைக் கீழே சாய்த்து, முதுகு முட்களை விரித்து, அவற்றை உங்கள் பக்கம் திருப்பி அப்படியே நிற்கும். ஓடாது. பெரும்பாலான மீன்கள் கையைக் கண்டதும் மறுமூலைக்குப் பாய்ந்துவிடும். இது நின்று முதுகைக் காட்டும். அந்தச் சாய்வைக் கண்டால் கையை மெதுவாக வெளியே எடுத்துவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பழகிய மீன்தான் அதிக ஆபத்து. சில வாரங்களில் உங்களை அடையாளம் கண்டுகொண்டு, மூடியைத் திறந்தாலே தீனி என்று மேலே வந்து கைக்குக் கீழே மிதக்கும். நீங்கள் வேறு மூலையில் பாறையைச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள், அது பின்னாலேயே வந்து மணிக்கட்டுக்குப் பக்கத்தில் காத்திருக்கும். கையைச் சட்டென்று இழுக்கும்போது முள்ளில் போய் இடிப்பது நாம்தான்.

குத்திவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்தக் கையில் இருக்கும் மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் வீங்கிவிடும், அப்புறம் கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் முள்துண்டு இருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள்.

அடுத்தது வெந்நீர். இந்த விஷம் புரதம். சூடு பட்டால் கெட்டுப்போகும். கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் வரை காயத்தை முக்கி வையுங்கள். குளியலறைச் சூடேற்றியில் வரும் தண்ணீரே போதும். கெட்டிலில் கொதித்ததைத் தூக்கி ஊற்ற வேண்டாம். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். குத்துப்பட்ட கை வேதனையில் சரியாகச் சொல்லாது. விஷத்துக்கு மேல் கொதிநீர்க் காயமும் சேர்ந்துவிடும். தண்ணீர் ஆற ஆற மாற்றுங்கள். வலி முதல் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கும், முழுதாக அடங்க ஒரு நாள்கூட ஆகலாம்.

ஐஸ் வைக்காதீர்கள். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மேலே கயிறு கட்டாதீர்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மயக்கம், நெஞ்சுவலி, இதில் எது வந்தாலும் 995-க்கு அழைத்து அவசர ஊர்தியை வரவழையுங்கள். மற்றவர்களும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. தெட்டனஸ் ஊசி போட வேண்டியிருக்கலாம், உள்ளே முள் தங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சிங்கமீனுக்கென்று தனி விஷமுறிவு மருந்து கிடையாது. இருப்பது ஆஸ்திரேலியாவில் கல்மீனுக்காகத் தயாராவது.

எனக்கு நீரிழிவு இருக்கிறது. வளர்க்கலாமா?

என்னிடம் கேட்டால், கை தொட்டிக்குள் போகும் வேலையை வீட்டில் வேறு ஒருவர் செய்வதாக இருந்தால் மட்டும். நீரிழிவும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்கு விஷத்தைவிடக் கடல்நீர்க் கிருமிகள்தான் பெரிய ஆபத்து. விப்ரியோ வகைக் கிருமி காயத்தில் புகுந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே நிலைமை மோசமாகலாம். சிவப்பு படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இது எல்லாருக்கும் பொருந்தும் ஒரு விஷயம்: தொட்டி வைத்திருப்பவர்களுக்கு விரலிலோ கையிலோ ஆறாத சிறு கட்டி வாரக்கணக்கில் நிற்பதுண்டு. மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமியின் வேலையாக இருக்கலாம். மருத்துவரிடம் ‘வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது’ என்று நீங்களே சொன்னால்தான் அவருக்கு அந்தத் திசையில் யோசிக்கத் தோன்றும்.

எந்த வகையை வாங்கலாம்?

கடையில் கண்ணைப் பறிப்பது வோலிட்டன்ஸ் என்ற பெரிய வகை. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாகத்தான் விற்பார்கள். அது 35 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். நாலறை வீட்டின் வரவேற்பறையில் அதற்கு நியாயமான தொட்டி வைத்தால் சோபாவுக்கு இடம் இருக்காது.

வீட்டுக்கு ஏற்றவை குட்டை வகைகள். ஃபஸி ட்வார்ஃப் சுமார் 17 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், தீனிக்கும் சீக்கிரம் பழகும், ஒளிந்துகொண்டே இருக்காமல் வெளியே வந்து உட்காரும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஸீப்ரா ட்வார்ஃப் கொஞ்சம் பெரிது, அதுவும் நல்ல மீன். அன்டெனாட்டாவும் ரேடியாட்டாவும் அழகில் யாருக்கும் சளைத்தவை அல்ல. ஆனால் செத்த தீனிக்கு மாற மறுத்துப் பிடிவாதம் பிடிக்கும். ரேடியாட்டாவை அனுபவம் இல்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

வாங்கும் முன் கடைக்காரரிடம், ‘என் கண்முன் தீனி போட்டுக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். சிங்கமீன்கள் பெரும்பாலும் கடலில் பிடித்துக் கொண்டுவரப்படுபவை. வந்திறங்கிய மறுநாளே வாங்கினால், அது பழகுமா பழகாதா என்ற சூதாட்டத்தை நீங்கள் ஆடுகிறீர்கள். கண்ணில் புகைபடர்ந்த வெண்மை, வேகமான மூச்சு, எப்போதும் மடங்கியே இருக்கும் துடுப்பு இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். முன்பணம் கொடுத்து இரண்டு வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்வது உத்தமம். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? வீவக தரை தாங்குமா?

ஒரு குட்டை வகை மீனுக்கு 150, 200 லிட்டர். வோலிட்டன்ஸ் என்றால் 450 லிட்டருக்குக் குறையாமல். நீளமும் அகலமும்தான் முக்கியம். ஒல்லியாக உயர்ந்த தொட்டியில் அந்தத் துடுப்புகளோடு திரும்பக்கூட இடம் இருக்காது.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 240 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், கண்ணாடி, பாறை, அடியில் அலமாரி, அதற்குள் தண்ணீரை வடிகட்டும் சம்ப் தொட்டி எல்லாம் சேர்த்தால் 400 கிலோவை எட்டிவிடும். அறையின் நடுவில் வைக்காமல் விட்டத்தை ஒட்டிய சுவரோரமாக வையுங்கள். அதைவிடப் பெரிது என்றால் வீவக-விடமோ பொறியாளரிடமோ கேட்காமல் வைக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றியதும் மீனை விட்டுவிட முடியாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் கட்டாயம் வேண்டும், தொட்டி அளவுக்குச் சொல்வதைவிட ஒரு படி பெரியதாகவே வாங்குங்கள். இறைச்சி தின்னும் மீன். தின்னும் அளவுக்குக் கழிவும் போடும்.

நம் கடலே 28, 30 டிகிரி இருக்கும்போது தொட்டிக்கு எதற்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி)?

நல்ல கேள்வி. இந்த மீன் நம் வட்டாரக் கடலுக்குச் சொந்தமானதுதான், 28 டிகிரியில் செத்துவிடாது. ஆனால் கடலில் மதியத்துக்கும் இரவுக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. அலை ஓயாமல் காற்றைக் கலக்கும். மேற்குப் பார்த்த வீட்டில் மாலை வெயில் அடிக்கும் வரவேற்பறையில், பம்பு, விளக்குச் சூடும் சேர்ந்து தொட்டி 31, 32 வரை ஏறும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறையும். அதே சமயம் மீனுக்குத் தேவை கூடும். இரவில் குளிர்சாதனம் போட்டால் மறுபடி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனை நோயில் தள்ளுகிறது.

பவளம் எதுவும் இல்லாத, மீன் மட்டும் உள்ள சின்னத் தொட்டிக்குத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும் விசிறி வைத்து 27, 28-இல் நிறுத்த முடிந்தால் எனக்கு அது போதும். முடியாவிட்டால் சில்லர் வைத்து 25, 26-இல் நிலையாக விடுங்கள். சில்லரை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். அது கக்கும் சூடு உள்ளேயே சுற்றி, தண்ணீரையே மறுபடி சூடாக்கும், மின்கட்டணம்தான் ஏறும்.

விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே நிற்கிறது. எனவே நிரப்ப வேண்டியதும் உப்பில்லாத தண்ணீர்தான். உப்புத்தண்ணீரையே ஊற்றி ஊற்றி அடர்த்தியை ஏற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி அளவு 1.022-க்கும் 1.025-க்கும் இடையில் இருக்கட்டும். அதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியை வாங்கிவிடுங்கள், மிதக்கும் மானி நம்பகமில்லை.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்துப் பயன்படுத்தலாமா?

நம் குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமின் சேர்க்கிறார்கள். வெறும் குளோரின் என்றால் வாளியில் வைத்தாலே பறந்துவிடும். குளோரமின் அப்படிப் போகாது. அதை முறிக்கும் மருந்து சேர்க்க வேண்டும், அல்லது கரைந்திருப்பதையெல்லாம் நீக்கும் ஆர்ஓ-டிஐ வடிகட்டியின் தண்ணீர் பயன்படுத்த வேண்டும். நான் இரண்டாவதன் பக்கம்.

கிழக்குக் கடற்கரையில் கடல்தண்ணீர் இலவசமாகக் கிடைக்கிறதே?

கப்பல் எண்ணெய், மழைக்குப் பின் இறங்கும் உப்பளவு, என்னென்ன கிருமி என்று தெரியாத நிலை. இலவசம் அதிக விலைக்கு முடியும். கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புப் பொடி வாங்குங்கள்.

என்ன தீனி, எவ்வளவு?

இங்கேதான் பெரும்பாலான சிங்கமீன்கள் சாகின்றன.

கடையில் பத்து, இருபது என்று பையில் போட்டுக் கொடுக்கும் குட்டித் தங்கமீன்களைச் சிங்கமீன் ஒரே மூச்சில் விழுங்கும். பார்க்க வேடிக்கைதான், விருந்தாளி வந்தால் பிள்ளைகள் கூப்பிட்டுக் காட்டுவார்கள். தங்கமீனில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். நன்னீர் மீனின் கொழுப்பும் கடல்மீனின் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை, கல்லீரலில் போய்த் தங்கும். பல மாதம் கொழுகொழுவென்று இருந்த மீன் ஒரு நாள் நிலைதடுமாறிச் சாய்ந்து நீந்தும். பிறகு சாப்பாட்டை நிறுத்தும். அப்போது காப்பாற்றுவது கடினம். லோங்காங்கில் (வடிகாலில்) பிடித்த கப்பி மீனும் வேண்டாம், அதோடு என்ன நோய் வருமோ.

ஈரச்சந்தையில் நமக்கு வாங்கும் பொருளே இதற்கும் போதும். தோலோடு சின்ன இறால், கணவாய்த் துண்டு, வெள்ளைச்சதை மீன், உரித்த மட்டி. எதுவும் உப்போ மசாலாவோ படாததாக இருக்க வேண்டும். கழுவி, சிறு துண்டுகளாக்கி, உறையவைத்து, தேவைக்கு எடுத்து உருக்கிக் கொடுங்கள். ஒரே பொருளை மாதக்கணக்கில் போடாதீர்கள். நெத்திலி இனங்கள் சிலவற்றிலும் தயமினேஸ் உண்டு, அதனால் அதை முக்கிய உணவாக்க வேண்டாம். வாரம் ஒருமுறை வைட்டமின் சொட்டு விட்டு ஊறவைத்துக் கொடுப்பது நல்லது.

வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று முறை போதும். குஞ்சுக்குத் தினமும் கொஞ்சம். துண்டு, மீனின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வயிறு லேசாக உப்பியதும் நிறுத்திவிடுங்கள். அது நிறுத்தச் சொல்லாது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து துடுப்பை விரித்து, ஒரு வாரம் பட்டினி கிடந்த பாவனையில் பார்க்கும். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் மூன்று இறால் தின்றிருக்கும். வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். இளகிய மனசுக்காரர்கள் ரகசியமாகப் போட்டுவிடுவார்கள்.

உயிருள்ள தீனியைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறது.

வந்த புதிதில் அப்படித்தான். அதற்கு உணவு என்றால் அசைய வேண்டும். முதலில் தீனிக்காக விற்கும் சின்ன உயிருள்ள இறாலைப் போட்டுச் சாப்பிடவையுங்கள். சில நாள் கழித்து, நீளமான அக்ரிலிக் குச்சியின் முனையில் உருக்கிய இறாலைச் செருகி, மீனின் முகத்துக்கு முன்னால் மெதுவாக இழுத்துக் காட்டுங்கள். முகத்தில் இடிக்கக் கூடாது. தப்பித்துப் போகிற மாதிரி விலக வேண்டும். விளக்கு மங்கிய மாலை நேரம் இதற்கு ஏற்றது, அதன் வேட்டை நேரமும் அந்தி தான்.

கிட்டே பார்த்தால் அருமையான காட்சி. இரண்டு விசிறிகளையும் விரித்து இரையை ஒரு மூலைக்கு ஓரங்கட்டும். சில நேரம் வாயிலிருந்து தண்ணீரை இரையின் பக்கம் ஊதும். பிறகு வாய் திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரியாது, இறால் மட்டும் இருக்காது.

ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டாம். இரண்டு வாரத்தைத் தாண்டினால் தண்ணீரைச் சோதியுங்கள், உடம்பு வற்றுகிறதா என்று மேலிருந்து பாருங்கள்.

கூட நீமோவை (கோமாளி மீனை) வைக்கலாமா?

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வைக்கலாம். தன் உடம்பில் பாதி நீளமுள்ள மீனைக்கூட இது விழுங்கப் பார்க்கும். இறால், சின்ன நண்டு எல்லாம் அதே கதி. வாயில் அடங்காத, துடுப்பைக் கடிக்காத மீன்கள் சரி: வளர்ந்த டாங் வகைகள், ஃபாக்ஸ்ஃபேஸ். ஃபாக்ஸ்ஃபேஸ் ஓரா மீன் இனம், அதன் முள்ளிலும் விஷம் உண்டு என்பதை மறக்காதீர்கள். டிரிகர் மீன் வேண்டவே வேண்டாம், துடுப்பைக் கடித்துக் குதறிவிடும்.

தொட்டியைச் சுத்தம் செய்யும்போது எப்படிப் பாதுகாப்பது?

வெறுங்கை உள்ளே போகும் வேலையைக் குறைத்துக்கொள்வதே முதல் பாதுகாப்பு. கண்ணாடி துடைக்கக் காந்தத் துடைப்பான், மீதித் தீனி எடுக்க நீள இடுக்கி. கை போயே ஆக வேண்டுமென்றால், துளையிட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைத் தொட்டிக்கு அளவாக வெட்டி வைத்துக்கொண்டு, மீனை ஒரு பக்கம் தள்ளி நடுவில் இறக்கிவிடுங்கள். மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கையை விடாதீர்கள். பாறை இடுக்கில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு தூங்குவது அதன் வழக்கம். மேலிருந்து பார்த்தால் தெரியாது. சமையலறை ரப்பர் கையுறை முள்ளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வலையால் பிடிக்க வேண்டாம். முள் வலையில் சிக்கும், அதை எடுத்துவிடக் கை போகும், அப்புறம் வெந்நீர்தான். பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை மெதுவாக அதற்குள் நடத்திப் போங்கள். அவசரப்படாத மீன், வந்துவிடும்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் விஷயத்தைச் சொல்லுங்கள். அலமாரியையும் கண்ணாடியின் வெளிப்பக்கத்தையும் துடைக்கலாம், உள்ளே எது விழுந்தாலும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூடிக்குப் பூட்டு.

உடம்பில் மெல்லிய படலம் உரிகிறது. நோயா?

பெரும்பாலும் இல்லை. சிங்கமீன் அவ்வப்போது மேல்படலத்தைப் பாம்பு சட்டை உரிப்பதுபோல உரிக்கும், அதோடு ஒட்டியிருக்கும் பாசியும் ஒட்டுண்ணியும் போகும். அன்றைக்குச் சாப்பிடாமல் உம்மென்று இருக்கும். அடிக்கடி உரித்தால் தண்ணீரில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பைத் தூவியதுபோல வெண்புள்ளிகள் வந்தால் அது வேறு, ஒட்டுண்ணி நோய். தனித் தொட்டிக்கு மாற்றித்தான் செம்பு மருந்து போட வேண்டும், அதுவும் அளவுச் சோதனையோடு. பாறையுள்ள பெரிய தொட்டியில் செம்பு ஊற்றினால் அங்கே வாழும் சிற்றுயிர்கள் எல்லாம் போய்விடும்.

இனி வளர்க்க முடியாது. நம் வட்டார மீன்தானே, கடலில் விட்டுவிடலாமா?

கூடாது. வளர்ப்புப் பிராணிகளை வெளியே விடுவது இங்கே குற்றம். தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் விசாக நாளை ஒட்டி இதற்காகவே இயக்கம் நடத்துகிறது. கடையின் தொட்டியில் பல நாட்டு மீன்களோடு இருந்த மீன் எந்தக் கிருமியைச் சுமக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அட்லாண்டிக்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1985-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் முதல் சிங்கமீன் தென்பட்டது. அந்தக் கடலுக்கே சம்பந்தமில்லாத மீன். வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவைதான் காரணம் என்று கருதப்படுகிறது. அங்குள்ள சின்ன மீன்களுக்கு இதைக் கண்டு ஓடத் தெரியவில்லை, இதைத் தின்ன எதுவும் பழகவில்லை. இன்று கரீபியன் முழுக்கப் பரவி, ஈட்டியோடு போய்க் குத்திப் பிடிக்கும் போட்டிகள் நடத்தியும் தீரவில்லை.

வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கடல்மீன் வளர்ப்பவர்களின் குழுக்களில் இலவசமாகக் கொடுப்பதாகச் சொன்னாலே ஆள் வருவார்கள்.

செத்துவிட்டால் எப்படி அப்புறப்படுத்துவது?

செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் உடனே போய்விடாது. நெகிழிப் பையில் போட்டுக் குப்பைக் குழாயில் தள்ளிவிடாதீர்கள். கீழே அந்தப் பைகளை இழுத்துப் போடுபவர் கையில் முள் ஏறும், எதனால் என்றுகூட அவருக்குத் தெரியாது. இடுக்கியால் எடுத்து, பால்மாவு டின் மாதிரி கெட்டியான மூடியுள்ள டப்பாவில் போட்டு, மூடியை ஒட்டுநாடாவால் சுற்றி, பிறகு குப்பையில் போடுங்கள்.

சாப்பிடலாமாமே?

கடலில் பிடித்ததைச் சாப்பிடுகிறார்கள். சதையில் விஷம் இல்லை, முள்ளை வெட்டி எடுத்துவிட்டுச் சமைப்பார்கள். தொட்டியில் மருந்து பட்டு வளர்ந்ததை வேண்டாம்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம். மீனை யார் பார்ப்பது?

நன்றாகத் தின்னும் வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் தாராளமாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருவர் மூன்று முறை வந்து தீனி போட்டால் போதும். எத்தனை துண்டு என்று அவரிடம் விடாதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, தேதி எழுதி உறையவைத்துவிட்டுப் போங்கள். அன்பு மிகுதியில் நண்பர்கள் அள்ளிப் போடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து.

தானாக நன்னீர் நிரப்பும் கருவி இருந்தால் அதன் வாளி எத்தனை நாளைக்கு வருகிறது என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டுநாடாவால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் இந்த வாளியிலிருந்து இவ்வளவு ஊற்றுங்கள் என்று சொல்லலாம். சில்லர் காட்டும் எண் 28-ஐத் தாண்டினால் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். விளக்குக்கு டைமர்.

வருபவரிடம் சாவியோடு தீனிக் குச்சியையும் நேரில் கொடுத்து, ஒருமுறை உங்கள் முன்னால் போடவையுங்கள். குச்சி உள்ளே விழுந்துவிட்டால் எடுக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும், பக்கத்தில் இன்னொன்று வைத்திருக்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி இன்னொன்றை வைத்துவிட்டுப் போங்கள்.